முதலில் கரை திரும்பக் கற்போம்

ஆடி மாதத்தில் தூத்துக்குடிக்கு வந்தவர்கள் இங்கு வீசும் காற்றை எளிதில் மறக்கமாட்டார்கள். பனிமய அன்னையின் பெருவிழாக் கொடி சூலைத் திங்கள் 26-ஆம் நாள் ஏறுகின்றது. அன்று தொடங்கி ஆகஸ்டு 5-ஆம் நாள் வரை அந்தக் கொடி பெரும்பாலும் கிழக்கு நோக்கியே, கடலை நோக்கியே படபடக்கின்றது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை நம் கடலோர மக்கள் கச்சான் என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் நுழைந்து, காயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றி, செம்மண் தேரிகளின் மணலை வாரி இறைத்துக்கொண்டு அது கடலுக்குள் இறங்குகின்றது. 1986-ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகக் காற்றாலைகள் நிறுவப்பட்ட இடங்களுள் தூத்துக்குடியும் ஒன்று என்றால் இக்காற்றின் வலிமையை வேறு சான்று கொண்டு நிறுவ வேண்டுவதில்லை.

இந்தக் காற்றை நம்பி இன்று புதியதொரு விளையாட்டு நம் கடற்கரைகளுக்கு வந்திருக்கின்றது. ஒரு பலகை, அதன்மேல் ஒரு பாய், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். விண்ட்சர்ஃபிங் என்று உலகம் அழைக்கும் இதனை நாம் பாய்ப்பலகை விளையாட்டு என்போம். பாய்க்குப் பதிலாகப் பெரிய பட்டத்தைக் கட்டி இழுக்கச் செய்யும் கைட்சர்ஃபிங் இதன் தங்கை எனலாம். இராமேசுவரத்தை அடுத்த கடற்பகுதிகளிலும் தூத்துக்குடியிலும் அதனைப் பயிற்றுவிக்கின்றார்கள். நம் இளைஞர்கள் இவற்றைக் கண்டு ஆசைகொள்வது இயல்பே. பெற்றோர் அஞ்சுவதும் இயல்பே. ஆசைக்கும் அச்சத்துக்கும் நடுவே அறிவு நிற்குமானால் இரண்டுமே பயன் தரும். ஆகவே, அலைகடலில் பாய்ப்பலகை ஓட்டக் கற்கத் தொடங்குகிறவன் எதை முன்னே கற்க வேண்டும், எதைப் பின்னே கற்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

பாய்ப்பலகை பிறந்த வரலாறு

காற்றைப் பாயில் அடக்கி ஓடுவது மனித குலத்தின் பழைய கலைகளுள் ஒன்று. காற்றின் இயல்பறிந்து மரக்கலம் செலுத்திய சோழர் குல முன்னோன் ஒருவனைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகின்றார். ஆனால் நின்றுகொண்டே பாயைக் கையில் ஏந்தி ஓட்டும் பலகை மிக அண்மைக் காலத்தது. இங்கிலாந்தில் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் 1958-ஆம் ஆண்டில் அத்தகைய பலகை ஒன்றைச் செய்து ஓட்டினான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி என்பவர் 1964-இல் மற்றொன்றைச் செய்தார். கலிபோர்னியாவில் ஹாயில் ஷ்வைட்சர், ஜிம் டிரேக் என்னும் இருவர் 1968-இல் தங்கள் அமைப்புக்குக் காப்புரிமை கோரினர். அதன்பின்னரே இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது.

இவர்கள் கண்ட புதுமை சிறியது போலத் தோன்றும். நம் வள்ளங்களிலும் தோணிகளிலும் பாய்மரம் கலத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். கலத்தைத் திருப்பச் சுக்கான் உண்டு. பாய்ப்பலகையிலோ மரத்தின் அடி, எத்திசையிலும் சாயக்கூடிய மூட்டு ஒன்றினால் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. சுக்கான் கிடையாது. ஓட்டுகிறவன் பாயைச் சுற்றி வளைந்துள்ள கைப்பிடிக் கழியைப் பற்றிக்கொண்டு, மரத்தை முன்னே சாய்த்தால் பலகையின் அணியம் காற்றுக்கு விலகித் திரும்பும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். கழியின் பின்முனையைத் தன்பால் இழுத்தால் பாயில் காற்று நிறையும். தளர்த்தினால் காற்று வெளியேறி வேகம் குறையும். தோணியில் தாமான் கயிறும் சுக்கானும் செய்கின்ற வேலையை இங்கே மனித உடலே செய்கின்றது.

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கும், 1992-ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மகளிர்க்குத் தனியாகவும் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவின் ஈபாத் அலி பாய்ப்பலகைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். அதே போட்டிகளில் பாய்ப்படகு ஓட்டி வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணனும், டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பாய்ப்படகுப் போட்டியில் கலந்துகொண்ட நேத்ரா குமணனும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே இது வெளிநாட்டார்க்கு மட்டுமே உரிய விளையாட்டு என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

நம் கரையின் காற்றும் அதன் வஞ்சகமும்

இனி நாம் கவனிக்க வேண்டிய முதற் செய்திக்கு வருவோம். தூத்துக்குடியின் கரை கிழக்கு நோக்கியது. கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது. ஆகவே வைகாசி முதல் ஆவணி வரையில் இங்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்கின்றது. நிலத்தைக் கடந்து வரும் காற்று கரையோர நீரில் அலை எழுப்புவதில்லை. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம்போல அடங்கிக் கிடக்கும். கற்றுக்கொள்ள இதனினும் நல்ல இடம் உண்டோ என்று தோன்றும்.

வஞ்சகம் இங்கேதான் இருக்கின்றது. வீடுகளும் மரங்களும் மறைப்பதால் கரையருகே காற்று மெலிந்திருக்கும்; கடலுக்குள் செல்லச் செல்ல அது வலுக்கும். பலகையில் ஏறி நிற்க மட்டுமே அறிந்த ஒருவனைக் கச்சான் எவ்வித முயற்சியுமின்றி உள்ளே கொண்டுபோய்விடும். அரை கிலோமீட்டர் சென்றபின் திரும்பிப் பார்க்கின்றான். இப்போது காற்று அவன் முகத்துக்கு நேரே அடிக்கின்றது. எந்தப் பாயும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை அளவுக்குள் எந்தக் கலமும் செல்ல இயலாது. கரைக்கு வர வேண்டுமானால் ஒருமுறை வடமேற்காகவும் ஒருமுறை தென்மேற்காகவும் மாறிமாறி வெட்டி வெட்டி ஏற வேண்டும். அந்த வித்தையைக் கற்பதற்கு முன்பே அவன் கடலுக்குள் வந்துவிட்டான். உள்ளே போவதற்கு எந்த அறிவும் தேவைப்படவில்லை; திரும்புவதற்கோ எல்லா அறிவும் தேவைப்படுகின்றது.

ஐப்பசிக்குப் பின் வாடையும் கொண்டலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசும் காலத்தில் நிலைமை மாறுகின்றது. அப்போது காற்று கரையை நோக்கி வரும். தவறி விழுந்தவனை அது கரைக்கே தள்ளும். ஆயினும் கடல் கொந்தளித்து, உள்ளே இறங்குவதே கடினமாகும். இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களில் நண்பகலுக்குப் பின் மெல்லென எழும் கடற்காற்றே தொடக்க மாணவனுக்கு உகந்தது. உலகெங்கும் பயிற்றுநர்கள் சொல்லும் பொது விதியும் உண்டு: கரைக்கு இணையாகவோ, சற்றே கரையை நோக்கியோ வீசும் காற்றில் தொடங்கு, கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில், மீட்புப் படகு காத்து நின்றாலன்றி, இறங்காதே.

இராமேசுவரம் தீவை இவ்விளையாட்டினர் விரும்புவதன் காரணமும் இதுவே. அங்கே வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் ஒடுங்கிய நிலத்தின் இருபுறமும் கிடக்கின்றன. ஒருபுறம் அலைமோதும் பருவத்தில் மறுபுறம் அடங்கியிருக்கும். கற்கிறவன் அடங்கிய பக்கத்தில் பழகலாம். தேர்ந்தவன் அலையுள்ள பக்கத்துக்குச் செல்லலாம்.

படிப்படியாகக் கற்கும் முறை

நீச்சல் முதற்படி. உடையோடு நீந்தவும், மல்லாந்து மிதக்கவும், நீர் முகத்தில் அறையும்போது கலங்காமல் மூச்சை அடக்கவும் தெரியாதவன் பலகையைத் தொடலாகாது. மிதவைச் சட்டை நீச்சலுக்குத் துணையே ஒழிய மாற்றாகாது.

இரண்டாம் படி மணலில் நடைபெறும். பாயைக் கரையில் நிறுத்தி, காற்று எத்திசையிலிருந்து வருகின்றது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தாலும் காதாலும் அறியப் பழக வேண்டும். நம் முன்னோர் இதற்குக் கருவி தேடியதில்லை.

மூன்றாம் படி இடுப்பளவு ஆழமுள்ள அமைதியான நீர். காற்றின் வேகம் மணிக்கு 10 முதல் 18 கிலோமீட்டருக்குள் இருத்தல் நலம். தொடக்க மாணவனுக்குரிய பலகை அகன்றும் பருத்தும் இருக்கும். ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளளவுடைய பலகை வளர்ந்த ஒருவரை அசையாமல் தாங்கும். பாய் சிறிதாக, மூன்றரை முதல் ஐந்து சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். மாணவன் முதுகைக் காற்றுக்குக் காட்டி, பலகையின் நடுவில் மரத்தின் இருபுறமும் கால்வைத்து நிற்கின்றான். நீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் தூக்குகின்றான். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு நோகும். முழங்காலை மடித்து உடற்பாரத்தைப் பின்னே சாய்த்தால் பாயில் நின்ற நீர் வடிந்து அது தானே எழும். பலநூறு முறை விழுந்து எழுந்தபின்பே இது கைவரும்.

நான்காம் படியே இக்கட்டுரையின் உயிர். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருதல். மணலில் இரு கழிகளை நட்டு, அவற்றுக்கு நேரே கடலில் சென்று, பலகையைத் திருப்பி, அதே கழிகளுக்கு நேரே கரையேற வேண்டும். முதல் நாள்களில் ஒவ்வொரு முறையும் காற்றுக்குக் கீழே நூறு, இருநூறு அடி தள்ளிப்போய்க் கரையேறி, பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர நேரிடும். அந்த நடையே நல்ல ஆசிரியன். தொடர்ந்து பத்து முறை அதே கழிகளுக்கு நேரே திரும்பி வருகிறவன் அடுத்த படிக்கு உரியவன். எவ்வளவு தூரம் போனான் என்பதை எண்ணிப் பெருமை கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி நீரிலிருந்தே எழுதல். ஆழமான நீரில் மிதந்தபடியே பாயின் ஒரு விளிம்பைக் காற்றுக்குக் காட்டினால் காற்று பாயைத் தூக்கும். பாய் ஆளைத் தூக்கிப் பலகைமேல் நிறுத்தும். அலை புரளும் இடத்தில் பலகைமேல் நின்று கயிற்றால் பாயைத் தூக்க எவராலும் இயலாது. அடுத்த அலை வந்து தள்ளிவிடும். ஆகவே நீரிலிருந்து எழக் கல்லாதவனுக்கு அலைகடலில் வேலையில்லை.

அலைக்குள் செல்லும் முன்

தூத்துக்குடி நகருக்கு எதிரே வான் தீவு முதலிய சிறு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் பேரலைகளின் வலிமையைக் குறைக்கின்றன. தெற்கே செல்லச் செல்ல இக்காப்புக் குறைகின்றது. மணப்பாட்டில் கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றை அலைகள் சுற்றி வளைந்து வரும் அழகைக் காண அலைச்சறுக்கு வீரர்கள் நாடி வருகின்றார்கள். குமரிக் கரையில் அலை மேலும் பெரிது. எனவே நகருக்கு அருகே பழகியவன் அதே துணிவோடு தெற்கே இறங்குவது தகாது.

அலை ஏன் உடைகின்றது? ஆழ்கடலில் உருண்டு வரும் அலை கரையை நெருங்கும்போது அதன் அடி தரையில் உரசித் தாமதிக்கின்றது; மேற்பகுதி முந்திச் சென்று கவிழ்கின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் இது நிகழும். இடுப்பளவு உயரமுள்ள அலை நெஞ்சளவு நீரில் கவிழும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கவிழும் அந்த ஒரு கோட்டில்தான் பாய்மரங்கள் ஒடிகின்றன, தலைகள் உடைகின்றன. கோட்டுக்கு உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஆபத்து குறைவு.

நம் கட்டுமரக்காரர் இக்கோட்டைக் கடந்த விதத்தைக் கண்டவர்கள் அறிவர். அவர்கள் வந்தவுடன் மரத்தைத் தள்ளமாட்டார்கள். நின்று பார்ப்பார்கள். பெரிய அலைகள் சில ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்னர்ச் சற்று நேரம் கடல் ஓயும். அந்த ஓய்வைக் கணக்கிட்டு, ஒரே மூச்சில் தள்ளிக் கடந்துவிடுவார்கள். ஆங்கிலமொழி ‘கட்டமரன்’ என்ற சொல்லைத் தமிழிலிருந்து பெற்றுக்கொண்டது. அலைச்சறுக்குப் பள்ளிகள் இன்று கற்பிக்கும் முதற் பாடமும் கட்டுமரக்காரரின் பாடமே: இறங்குமுன் பதினைந்து நிமிடம் கடலைப் பார்.

பின்பு நினைவிற்கொள்ள வேண்டியவை சில உள. உனக்கும் கரைக்கும் நடுவே பலகை இருக்கலாம். அலைக்கும் உனக்கும் நடுவே பலகை இருக்கலாகாது. அலை தூக்கியெறியும் பலகை ஆளைத் தாக்கும். ஆதலால் நீரில் நடந்து செல்லும்போது எப்போதும் பலகைக்குக் கடற்புறத்தில் நிற்க வேண்டும். அணியம் அலைக்கு நேர்முகமாக இருக்கட்டும். பக்கவாட்டில் காட்டினால் அலை புரட்டிவிடும். நுரைத்து வரும் அலையைச் சந்திக்கும் கணத்தில் முழங்காலை மடித்து, உடற்பாரத்தைச் சற்றே பின்னுக்குக் கொணர்ந்தால் அணியம் எழுந்து நுரையின்மேல் ஏறும். வேகமின்றி நிற்கும் பலகை பின்னுக்கு இழுபடும். ஆகவே அலையைக் கண்டு பாயைத் தளர்த்தலாகாது.

திரும்பி வரும்போது கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். அலை பின்னிருந்து தள்ளும்போது அணியம் நீரில் குத்துமாறு முன்னே சாயாமல் நிற்க வேண்டும். முழங்காலளவு நீர் வந்ததும், பலகையின் அடியிலுள்ள மீன்சிறகு போன்ற துடுப்பு மணலில் தட்டுமுன் இறங்கி, அடுத்த அலைக்குள் பலகையையும் பாயையும் கரையேற்றிவிட வேண்டும். பயணம் முடிந்தது என்று கரையோரத்தில் மூச்சு வாங்கி நிற்கிறவர்களே பெரும்பாலும் அடிபடுகின்றார்கள்.

தொடக்கத்தில் முழங்காலளவு அலை, தேர்ந்தபின் இடுப்பளவு. அதற்குமேல் ஆசிரியர் அருகிலின்றி வேண்டாம்.

துன்பம் நேரும்போது

காற்று வலுத்துவிட்டது, கை ஓய்ந்துவிட்டது, ஏதோ ஒன்று ஒடிந்துவிட்டது. அப்போது என்ன செய்வது? பலகையை விட்டு நீந்திக் கரைசேர முயலாதே என்பதே முதல் விதி. பலகை மிதக்கும்; ஆளைத் தாங்கும்; தேடி வருகிறவர் கண்ணுக்கும் தெரியும். நீரில் தனியே தெரியும் தலையை அலைகளின் நடுவே கண்டுபிடிப்பது அரிது. பாயைச் சுருட்டிப் பலகைமேல் வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் துடுப்புப் போட்டு, காற்றுக்கு நேரே எதிர்த்துப் போகாமல் குறுக்காகக் கரையை நோக்கிச் செல்ல வேண்டும். பாய் இழுபட்டுத் தடையானால் அதனைக் கடலுக்கே கொடுத்துவிடலாம். பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். உதவி வேண்டின், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெல்ல உயர்த்தித் தாழ்த்துவது உலகெங்கும் கடலோர்க்குரிய அடையாளம்.

நீரோட்டத்தை நம் மீனவர் நீவாடு என்பர். கரையில் மோதிய நீர் ஒரு குறுகிய வழியில் கடலுக்குத் திரும்பும்போது அது ஆறு போல இழுக்கும். அதனை எதிர்த்து நீந்துகிறவன் சோர்ந்து மூழ்குவான். கரைக்கு இணையாகச் சிறிது தூரம் விலகிச் சென்றால் இழுப்பிலிருந்து விடுபடுவான்.

வேறொரு செய்தியும் உண்டு. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் பேரலை வரும். தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த புயலின் அலை சில நாள்களில் நம் தென்கரையை வந்தடையும். மலையாளக் கரையினர் இதனைக் கள்ளக்கடல் என்று பொருத்தமாகவே பெயரிட்டனர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள் குமரி மாவட்டக் கடற்கரையொன்றில், எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த வேளையில், மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர்கள் அலையில் சிக்கி இறந்தனர். ஐந்து வீடுகள் இருண்டன. அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். கடற்கரைக்கு உலாவ வந்தவர்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் இத்தகைய எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகின்றது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இதே நோக்கத்தது. அவற்றைக் கேட்டறிந்தபின் கடலுக்குச் செல்வது கோழைத்தனமாகாது.

குளியாளியின் கயிறு

இம்முத்துக்கரையின் பழைய தொழிலிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் பெருமுத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதற்கு முன்பு குளியாளி கல்லைக் காலில் மாட்டி, கயிற்றைப் பற்றிக் கடலின் அடிக்கு இறங்கினான். ஏறக்குறைய ஒரு நிமிடமே அவன் மூச்சு நிற்கும். அந்த ஒரு நிமிடமும் தோணியில் ஒருவன் கயிற்றிலிருந்து கையையும் கண்ணையும் எடுக்காமல் நின்றான். கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டியது அவன் கடமை. ஆகவே குளியாளி தனக்கு நம்பிக்கையானவனையே அப்பணிக்குத் தேர்ந்தான். உறவினரே பெரும்பாலும் கயிறு பிடித்தனர்.

பாய்ப்பலகைக்குக் கயிறு இல்லை. ஆனால் கயிறு பிடிப்பவன் தேவை. கரையில் ஒருவர், எத்தனை மணிக்கு இறங்கினான், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை அறிந்து, கண்ணால் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும். கைப்பேசியில் படம் பிடிக்க நிற்கும் நண்பனைக் கயிறு பிடிப்பவன் என்று சொல்ல முடியாது.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

தம் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் சிலவற்றைத் தயங்காமல் கேட்கலாம். நீச்சலைச் சோதித்துச் சேர்க்கின்றீர்களா? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் தருகின்றீர்களா? எந்திரப் படகு எப்போதும் ஆயத்தமாக நிற்கின்றதா? முதலுதவி அறிந்தவர் யார்? காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் நாளில் என்ன செய்வீர்கள்? இக்கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடையாவிடின் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

இடத்தையும் கேட்டறிய வேண்டும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டவை. அவற்றருகே காற்று தடுமாறும். அலை மோதி எதிரலையாகத் திரும்பும். கப்பல் வழி அருகே இருக்கும். அங்கே விளையாட்டுக்கு இடமில்லை. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் இறங்குவதும் பவளத்தை மிதிப்பதும் சட்டத்துக்கு முரணானவை. பவளம் நம் மீன்களின் தொட்டில் என்பதை மீனவர் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது தமிழகக் கரையில் உயிரிழந்தவர்களுள் பெண்களே மிகுதி. அதற்குக் காரணங்கள் பல. நீந்தத் தெரியாமை அவற்றுள் ஒன்று. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் கற்பிக்காதிருப்பது எவ்வகையிலும் பாதுகாப்பாகாது. அவள் பாய்ப்பலகை ஏறினாலும் ஏறாவிட்டாலும், நீச்சல் என்னும் முதற்படியையேனும் அவளுக்குக் கொடுப்போம்.

நம் மக்களுக்கு எட்டுமா?

இவ்விளையாட்டு செலவு மிக்கது; பலகையும் பாயும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. வசதியுள்ளோர்க்கே உரியது என்ற முறையீட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் நடந்ததைக் கவனியுங்கள். மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் தாமே அலைச்சறுக்குக் கற்று, தம் ஊர் இளைஞர்களுக்கும் கற்பித்தார். 2012-இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. குடியும் புகையும் வேண்டாம் என்று இளைஞர்களை அவர் அறிவுறுத்தினார். மீனவர் பிள்ளைகள் பலர் இன்று பயிற்றுநர்களாகவும் போட்டியாளர்களாகவும் விளங்குகின்றார்கள். கடலைப் படிக்கத் தெரிந்த கண் அவர்களுக்கு முதலீடாயிற்று.

அக்கண் தூத்துக்குடிக் கரையிலும் இருக்கின்றது. ஆனால் மங்கி வருகின்றது. எந்திரம் வந்தபின் வள்ளங்களில் பாய் மறைந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்த தோணிகளும் எந்திரத்துக்கு மாறின. உழைப்பின் சுமை குறைந்தது. அதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் டீசல் தீர்ந்தாலோ எந்திரம் பழுதானாலோ கச்சானை எதிர்த்துக் கரையேறும் வித்தை, பாயோட்டிய பெரியவர்களோடு மறைந்துவிடும் நிலையில் உள்ளது. எந்திரம் நின்ற படகு காற்றின் போக்கில் எல்லை கடந்து அயல்நாட்டுக் கரையை அடைவதுண்டு. ஒரு பாயை விரித்து எப்படித் திரும்புவது என்று அறிந்த இளைஞன் ஒருவன் படகில் இருப்பது வீண்போகாது.

ஆகவே நம் ஊர்களில் இன்றும் வாழ்கின்ற பழைய பாயோட்டிகளிடம் இளைஞர்களை அழைத்துச் செல்லுங்கள். எந்த மேகம் எந்தக் காற்றைக் கொணரும், கடலின் நிறம் எங்கே மாறும், நீவாடு எப்போது திரும்பும் என்று அவர்கள் சொல்லட்டும். பின்பு பயிற்றுநரிடம் பலகையையும் பாயையும் கற்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் பிள்ளையிடம், “எவ்வளவு தூரம் போனாய்?” என்று கேட்பதை விடுத்து, “புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாயா?” என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு ஒவ்வொரு மாலையும் ஆம் என்று விடை சொல்லக் கூடியவன் வளர்ந்தபின் அலைக்குள் செல்லட்டும்; அவனை நாம் அஞ்சாமல் அனுப்பலாம்.